பக்கம் மேலே உள்ள பெயர்

புகார் மூன்றே வரிதான். "என் கணவர் அடிக்கடி 'இளேவனில்' என்று சொல்கிறார். அது என்ன வார்த்தை என்று தெரியவில்லை. எடுத்துத் தரவும்." கீழே கமலவேணி, உறையூர் என்று கையெழுத்து. கணவர் மருதமுத்து இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. திரும்பப் பேசத் தொடங்கி எழுபத்தெட்டு நாள்.

திருச்சி தில்லைநகரில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இயங்கிய மீள்குரல் நிலையத்துக்கு இந்த மாதிரிப் புகார் வாரத்துக்கு மூன்று நான்கு வரும். 2057-ல் அதை யாரும் அதிசயமாக நினைக்கவில்லை. இறந்தவர் எழுதிவைத்ததை எல்லாம் கொண்டுவந்து கொடுத்தால், அவரைப் போலவே யோசித்து அவர் குரலிலேயே பதில் சொல்கிற பெட்டி ஒன்றைச் செய்து கொடுப்பார்கள். டிபன் டப்பா அளவு இருக்கும். முக்கால்வாசிப் பேர் அதை பிரிட்ஜ் மேல் வைப்பார்கள்.

பெட்டியைச் செய்வது இயந்திரம். அதற்கு முந்தைய வேலை பிலோமினாவுடையது. ஐம்பத்தோரு வயது. தெப்பக்குளத்துக்குப் பக்கத்து அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக்கொண்டிருந்தவள், அச்சகம் மூடிய பிறகு இங்கே வந்து ஒன்பது வருடம். ஜனங்கள் கொண்டுவருவது பெரும்பாலும் பிடிஎஃப் கோப்புகள். அதிலிருந்து எழுத்தை காப்பி செய்து வேர்டில் ஒட்டினால், குடித்தனம் மாறும்போது லாரியிலிருந்து இறக்கிய சாமான் மாதிரி வந்து விழும். ஒவ்வொரு வரிக் கடைசியிலும் ஒரு என்டர். வாக்கியத்துக்கு நடுவில் பக்க எண். பழைய எழுத்துரு என்றால் கொம்பு ஓர் இடத்திலும் எழுத்து வேறிடத்திலும் கிடக்கும். இதை எல்லாம் ஒழுங்குபடுத்தாமல் இயந்திரத்துக்குக் கொடுத்தால் அது அப்படியே நம்பிவிடும். ஒரு தலைமை ஆசிரியரின் பெட்டி, பேத்தி கல்யாணத்தன்று, "பதினாறும் பெற்று நூற்றி நாற்பத்திரண்டு பெருவாழ்வு வாழ்க" என்று வாழ்த்தியது. அந்தப் பக்க எண்ணை விட்டது பிலோமினாவுக்கு முன்பு இருந்தவர். அதன் பிறகுதான் அவர் முன்பு இருந்தவர் ஆனார்.

பிலோமினா மருதமுத்துவின் கோப்பைத் திறந்து பார்த்தாள். கொள்ளிடத்து மதகு ஒன்றில் காவலராக இருந்தவர். பணியிலிருந்தபோதும் ஓய்வு பெற்ற பிறகும் ஒரு நாளைக்கு ஒரு பக்கமாக எழுதியிருந்தார். பதினோரு வருடம், நாலாயிரத்துப் பதினெட்டு பக்கம். எல்லாப் பக்கத்தின் மேலேயும் நடுவில் "இளவேனில்" என்று ஒரு வரி. வீட்டுப் பெயராக இருக்கும் என்று நினைத்து, எல்லாத் தலைப்பு வரிகளையும் நீக்குவது போல அதையும் நீக்கியது அவளுக்கு நினைவிருந்தது. ரீப்ளேஸ் ஆல். ஒரு தட்டு. நாலாயிரத்து ஏழு இடங்களில் மாற்றப்பட்டது என்று கணினி சொன்னது. அவள் டீ குடிக்கப் போனாள்.

நாலாயிரத்து ஏழு. பதினொன்று குறைகிறது. தேடினாள். ஒரு மழைக்காலத்தில் மருதமுத்துவின் கணினி நனைந்துபோய், பதினோரு நாள் வேறு அலுவலகத்தில் பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார். அந்தப் பக்கங்களில் உள்ளே இருந்ததை மட்டும் சரிசெய்துவிட்டு மேல்வரியை அவள் விட்டிருந்தாள். அதனால் பதினோரு "இளேவனில்" தப்பிவிட்டது.

"பத்து நிமிஷ வேலை சார்," என்றாள் மேலாளர் ஹபீபுல்லாவிடம். அவன் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன். இருந்தாலும் சார்.

"நேர்ல போய் ஒருதரம் கேட்டுட்டு வந்துடுங்கக்கா. கேக்காம திருத்தக்கூடாதுன்னு ரூல்ஸ்."

*

கமலவேணி முட்டியில் பெல்ட் கட்டியிருந்தாள். பிலோமினாவை உட்காரவைத்துவிட்டு அடுப்பில் பால் வைத்தாள். பிரிட்ஜ் மேல் பெட்டி. சுவரில் கறுப்புச் சட்டை போட்ட மருதமுத்துவின் படம், மாலை இல்லாமல்.

"யாரு வந்திருக்கா?" என்றது பெட்டி.

"கம்பெனியிலேர்ந்து வந்திருக்காங்க."

"உக்காரச் சொல்லு. அம்மா, மேலணையில இன்னிக்கு எவ்வளவு தொறந்திருக்கான்?"

"தெரியலீங்க ஐயா," என்றாள் பிலோமினா.

"திருச்சியில இருந்துக்கிட்டு ஆத்துல எவ்வளவு தண்ணி போவுதுன்னு தெரியாதா? பின்ன என்னதான் தெரியும் உங்களுக்கு?" பெட்டி சந்தோஷமாகச் சிரித்தது. அடுத்து, யாரும் கேட்காமலே கல்யாணங்களைப் பற்றி ஆரம்பித்தது. "புகை போடறது கொசுவுக்கும்மா. கல்யாணத்துக்கு எதுக்குப் புகை? ரெண்டு மாலை, ரெண்டு கையெழுத்து, வந்தவங்களுக்கு சோறு. முடிஞ்சுது." கொஞ்சம் நிறுத்தி, "இளேவனில்," என்றது. பிறகு கத்திரிக்காய் விலைக்குப் போய்விட்டது.

"இதான்," என்றாள் கமலவேணி. "ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது வந்துடுது."

"அது இளவேனில்மா. வகரத்தோட கொம்பு ளகரத்துல போய் ஒட்டிக்கிச்சு. உங்க வீட்டு பேருதான? டைரி பூரா மேல போட்டிருந்தாரு. நான்தான் எடுத்தேன். பதினொண்ணு மட்டும் விட்டுப்போச்சு."

கமலவேணி பாலை இறக்கி வைத்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அது பிலோமினாவுக்கு அப்போது உறைக்கவில்லை.

"வீட்டு பேரு இல்லம்மா. என் பொண்ணு பேரு."

பிறகு அவளே சொன்னாள். மருதமுத்து மேடை ஏறிப் பேசுகிறவர். சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு எல்லாம் ஐயர் வேண்டாம் என்று சண்டை போட்டவர். நோட்டில் பிள்ளையார் சுழி போட்டால் தாளைக் கிழிப்பார். அவருடைய ஒரே மகள், மாப்பிள்ளை வீட்டார் பிடிவாதத்துக்காக, வயலூர் கோயிலில் அக்கினி வளர்த்துத் தாலி கட்டிக்கொண்டாள். அப்பாவிடம் வந்து சொல்லிவிட்டுத்தான் போனாள். "வாசப்படி மிதிக்காதேன்னாரு. அவளும் மிதிக்கல. ரெண்டும் ஒரே களிமண்ணு. பதினொரு வருஷம்."

"இப்ப?"

"போன மாசம் வந்தா. அப்பா பேசறாராமேன்னு. இதோ இங்கதான் நின்னா. 'அப்பா, நான்தாம்ப்பா இளவேனில்'னா. அவரு, 'யாரும்மா நீங்க, எந்த ஊரு? உக்காருங்க'ன்னாரு. ரொம்ப மரியாதையா." கமலவேணி டம்ளரை நீட்டினாள். "தண்ணி தரட்டுமான்னேன். வேணாம்னுட்டா. செத்தும் பிடிவாதத்த விடலைம்மான்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டா."

பிலோமினா காபியைக் கீழே வைத்தாள். டைரிக்குள்ளே கல்யாணப் புகையையும் மந்திரத்தையும் திட்டிய பக்கங்கள் உண்டு, ஆனால் யாருடைய கல்யாணம் என்று எங்கேயும் ஒரு சொல் கிடையாது. அந்த வீம்புக்காரர் எழுதமாட்டார். மகள் இருந்ததெல்லாம் பக்கத்தின் தலையில் மட்டும். அதைத்தான் அவள் ஒரே தட்டில் துடைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தாள்.

"நீங்க அவருகிட்ட சொல்லிப் பாக்கலியாம்மா, உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்குன்னு?"

"சொன்னேன். அப்படியான்னாரு. அடுத்த நாள் மறந்துட்டாரு."

"ஆமாம்மா, புதுசா எதுவும் உள்ள ஏறாது. அவர் எழுதினது மட்டும்தான். ஆனா திருப்பி வைக்கலாம். தொண்ணூறு நாளைக்குள்ள ஒரு தடவை திருத்தலாம்னு சட்டம் இருக்கு. உங்க கையெழுத்து வேணும். இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு."

"அதுக்கப்புறம்?"

"ஒரு புள்ளி கூட மாத்த முடியாது. முன்னெல்லாம் மெஷினே சுத்தம் பண்ணிச்சும்மா. எழுத்து அழிஞ்ச எடத்துல அதுவா யூகிச்சுப் போட்டுச்சு. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு அப்பா பேசும்போது, மூத்தவன்தான் எனக்கு சோறு போடலன்னுட்டாரு. அவரு எழுதினது 'சோறு போட்டான்'. கடைசி ரெண்டு எழுத்து அழிஞ்சிருந்துச்சு. அண்ணன் தம்பி வெட்டிக்கிட்டாங்க. அதுக்கப்புறம்தான் மனுஷங்கதான் சுத்தம் பண்ணணும், ஒரு வார்த்தையும் சேக்கக்கூடாது, ஒரு தடவைதான் திருத்தணும்னு கொண்டுவந்தாங்க."

கமலவேணி யோசித்தாள். பெட்டி தனக்குத்தானே ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"பதினொரு வருஷம் இந்த மனுஷன் சிரிச்சு நான் பாக்கலம்மா. சாப்பிடும்போது கூட வாசலையே பாத்துக்கிட்டிருப்பாரு. இப்ப சிரிக்கிறாரு, பாடறாரு. பொண்ணுன்னு ஒருத்தி இருந்தது தெரியாம நிம்மதியா இருக்காரு. அது போதும். அந்தப் பதினொண்ணையும் எடுத்துடுங்க."

*

"எடுத்துடுங்கக்கா," என்றான் ஹபீபுல்லா. "அந்தம்மா கேக்கறது பதினொண்ணு. நீங்க சொல்றது நாலாயிரம்."

"தப்பு என்னோடது சார். அது தலைப்பு இல்ல. பேரு."

"தலைப்பு எடத்துல இருந்தா தலைப்புதான். உங்களுக்கு எப்படித் தெரியும்?" அவன் குரலைத் தாழ்த்தினான். "நாலாயிரம் தடவை வர்ற வார்த்தைன்னா என்னன்னு தெரியுமில்ல? அதிகம் வர்றதுதான் அடிமனசு. திருப்பி வச்சா ஆளே மாறிடுவாரு. பாடறவரு பாடமாட்டாரு. நாளைக்கு அந்தம்மா வந்து, என் புருஷன் முகம் தூக்கி வச்சிக்கிட்டிருக்காருன்னு புகார் குடுப்பாங்க. அப்ப என்ன பண்ணுவீங்க?"

பிலோமினா தன் இடத்தில் போய் உட்கார்ந்து கோப்பைத் திறந்து, பதினோரு இடத்தையும் மஞ்சள் பூசி வைத்தாள். அழிக்கக் கை வரவில்லை. மூடிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவேண்டியவள், சனிக்கிழமை மாலைப் பூசையிலேயே அதை முடித்துக்கொண்டு, மறுநாள் காலை கரூர் பஸ்ஸில் ஏறினாள். பையில் ஒரு டேப்லெட். அதில் சுத்தம் செய்யாத பிடிஎஃப். வாடிக்கையாளர் கோப்பை வெளியே எடுத்துப் போனால் வேலை போகும் என்று நியமன உத்தரவின் நாலாவது பக்கத்தில் இருந்தது. நாலாவது பக்கத்தை அவள் நன்றாகப் படித்தவள்தான்.

இளவேனில் கரூரில் பஸ் கூடு கட்டும் பட்டறை ஒன்றில் வரைபடம் போடுகிறவள். ஞாயிறும் வேலை இருந்தது. முப்பத்தாறு வயது, காதுக்குப் பின்னால் பென்சில். வெல்டிங் சத்தத்துக்கு நடுவே பிலோமினா தன்னை யாரென்று சொன்னதும், "அந்தப் பெட்டிக்காரங்களா?" என்று மட்டும் கேட்டாள். இருவரும் பாதி கட்டிய பஸ் ஒன்றுக்குள் போய் உட்கார்ந்தார்கள். இருக்கைகள் போட்டிருந்தார்கள், சன்னல் இன்னும் வரவில்லை.

"உங்க அப்பா உங்கள மறக்கலீங்க. நான்தான் அழிச்சுட்டேன்," என்றாள் பிலோமினா. வழியெல்லாம் வேறு மாதிரி ஆரம்பிக்கத்தான் யோசித்து வந்திருந்தாள்.

டேப்லெட்டை நீட்டினாள். முதல் பக்கம், கல்யாணத்துக்கு மறுநாள். மேலே நடுவில் இளவேனில். கீழே, "காலை நீர்மட்டம் பதினாலரை அடி. மூன்றாம் மதகு திறப்பு. வீட்டில் சமைக்கவில்லை." அடுத்த பக்கம், மேலே இளவேனில். "நீர்மட்டம் பதினாலு. துரு நீக்க எண்ணெய் வரவில்லை." அடுத்தது. அடுத்தது. இளவேனில் விரலால் தள்ளிக்கொண்டே போனாள். கொஞ்ச நேரத்தில் கீழே இருப்பதைப் படிப்பதை நிறுத்திவிட்டாள்.

"எல்லாப் பக்கத்துலயும் இருக்கா?"

"நாலாயிரத்துப் பதினெட்டு. எல்லாரும் 'உ' போட்டு ஆரம்பிப்பாங்கல்ல, அந்த எடத்துல."

இளவேனிலுக்குச் சிரிப்பு வந்தது. "எட்டாவதுல என் கணக்கு நோட்டுல 'உ' போட்டேன்னு கிழிச்சாரு மேடம். முழு நோட்டையும். மறுபடி எழுதவச்சாரு." சிரிப்பு நின்ற பிறகு பென்சிலை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். "அன்னிக்குத் திரும்பி வர்றப்ப குளித்தலையில எறங்கி வாந்தி எடுத்தேன். யாரும்மா நீங்கன்னு கேட்டாரே, அத நெனச்சு. திட்டியிருந்தா கூடத் தாங்கியிருப்பேன். ஒரு நல்ல திட்டு வாங்கலாம்னுதான் போனேன்."

"திருப்பி வைக்கலாம். அம்மா வேணாங்கறாங்க."

"ஏனாம்?"

"இப்ப நிம்மதியா இருக்காராம்."

வெளியே யாரோ தகரத்தைச் சுத்தியலால் அடித்தார்கள். இளவேனில் பென்சிலைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.

"திருப்பி வச்சா அவருக்கு வலிக்குமா?"

"பெட்டிக்கு வலி உண்டான்னு எனக்குத் தெரியாதுங்க. குரல் மாறும். அது மட்டும் தெரியும்."

"அப்ப நான் எதுவும் சொல்லமாட்டேன். கூட இருந்தது அம்மா. விட்டுட்டுப் போனது நான்." டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தாள். உடனே கையை மறுபடி நீட்டினாள். "இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் பாத்துக்கட்டுமா?"

ஒரு மணி நேரம் பார்த்தாள். பிலோமினா பக்கத்து இருக்கையில் போகாத பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள்.

*

திங்கட்கிழமை அவள் ஹபீபுல்லாவின் மேசையில் ஒரு கடிதம் வைத்தாள். பெயரைத் தலைப்பென்று நினைத்து நீக்கியது என் தவறு. கோப்பை வெளியே எடுத்துச் சென்றது என் இரண்டாவது தவறு. வாடிக்கையாளரிடம் நிறுவனம் எழுத்தில் வருத்தம் தெரிவிக்கவேண்டும். என்மேல் என்ன நடவடிக்கை என்றாலும் சரி.

ஹபீபுல்லா படித்தான். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு, இரும்பு அலமாரியிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து வந்தான்.

"ரெண்டாவது தப்ப நான் படிக்கல. முதல் தப்பு உங்களோடது இல்ல. பாருங்க."

மருதமுத்துவின் விண்ணப்பம். கமலவேணி நிரப்பியது. 'தலைப்பு வரிகள்: வைக்கவும் / நீக்கவும்' என்ற இடத்தை யாரும் நிரப்புவதில்லை. நிரப்பாவிட்டால் நீக்குவதுதான் வழக்கம். கமலவேணி 'வைக்கவும்' என்பதை இரண்டு கோடு போட்டு அடித்திருந்தாள். பக்கத்தில் சின்ன எழுத்தில், 'பக்கம் மேலே உள்ள பெயர் வேண்டாம்.'

பெயர் என்றே எழுதியிருந்தாள்.

"நானே இத இன்னிக்குத்தான் முழுசா படிக்கிறேன்," என்றான் ஹபீபுல்லா. "அந்தம்மா கேட்டதைத்தான் செஞ்சிருக்கோம். நிம்மதியா போய் வேலையப் பாருங்க."

பிலோமினா நிம்மதியாகப் போகவில்லை. நேராக உறையூருக்குப் போனாள்.

கமலவேணி கதவைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "ஃபார்மப் பாத்துட்டீங்களா?"

"பாத்தேம்மா."

"உள்ள வாங்க."

பெட்டி தூங்கும் நேரம். அதாவது கமலவேணி மத்தியானங்களில் அதை நிறுத்தி வைத்திருந்தாள். இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்தார்கள். கமலவேணி காலை நீட்டிக்கொண்டு, அரிவாள்மணையை எடுத்து அவரைக்காய் நறுக்க ஆரம்பித்தாள்.

"அவரு செத்து முப்பதாம் நாள் அந்த டைரியத் தொறந்தேன். அதுவரைக்கும் தொட்டதில்ல. ஒவ்வொரு பக்கமா பாத்தேன். ரெண்டு மாசம் ஆச்சு. நாலாயிரம் பக்கத்துலயும் அவ பேரு. விட்டுட்டுப் போனவ பேரு." அரிவாள்மணையில் காய் சீராக விழுந்தது. "கூட இருந்து சோறு வடிச்சுக் குடுத்தவ பேரு ஒரு எடத்துல இல்லம்மா. தேடினேன். கமலவேணின்னு அடிச்சுத் தேடினேன். பூஜ்யம்னு வந்துச்சு."

பிலோமினா நறுக்காத காய்களை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அவரு நிம்மதிக்காகன்னு உங்ககிட்ட சொன்னேன். அது பாதி. மீதி இதுதான். அவ பேரு இல்லாட்டி, அந்த எடத்துல நான் இருப்பேனோன்னு பாத்தேன். அங்கயும் கத்திரிக்காயும் தண்ணி மட்டமும்தான் இருக்கு." நறுக்குவதை நிறுத்தினாள். "இளேவனில்னு மொத தடவை சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. எத்தனை தொடச்சாலும் போவமாட்டேங்கறாளேன்னு ஆத்திரமா வந்துச்சு. நான் பெத்தவதான். இருந்தாலும் வந்துச்சு."

பிலோமினாவுக்கு ஒன்பது வருடமாக மற்றவர்கள் எழுத்தைப் படித்துப் பழக்கம். அச்சகத்தில் இருந்த வருடங்களையும் சேர்த்தால் இன்னும் அதிகம். அவள் மருதமுத்துவின் நாலாயிரம் பக்கங்களையும் வரி வரியாகத் தொட்டவள். என்டரை எடுத்தவள், ஒட்டியதைப் பிரித்தவள். பிரிட்ஜ் மேலிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம் போடட்டுமாம்மா?"

கமலவேணி தோளைக் குலுக்கினாள். பிலோமினா எழுந்துபோய்ப் பெட்டியை எழுப்பினாள்.

"ஐயா, வணக்கம். வீட்டுல எப்படி இருக்காங்க?"

"வீட்டுல முட்டி வலிதாம்மா," என்றது பெட்டி உடனே. "தைலம் தேச்சுக்கன்னா கேக்கமாட்டாங்க. நான் தேச்சுவிடறேன்னாலும் வேணாம்பாங்க. போன ஐப்பசியில வீட்டுல ஜுரம். நாலு நாளு. நான் மதகுக்கே போவல. முப்பது வருஷத்துல லீவு போட்டது அந்த நாலு நாளுதான்."

கமலவேணி அவரைக்காயைக் கையில் பிடித்தபடி இருந்தாள்.

"வீட்டுல சமையல் எப்படிங்கய்யா?"

"அத ஏன் கேக்கறீங்க. வீட்டுல கோவமா இருந்தா ரசத்துல உப்பு தூக்கலா இருக்கும். நான் ஒண்ணும் சொல்றதில்ல. ரெண்டு தடவை கேட்டு வாங்கிக் குடிச்சிடுவேன். அப்புறம் சரியாயிடும். வீட்டுல இல்லாம எனக்கு ஒரு வேளை ஓடாதும்மா. சொல்லிக்கிட்டதில்ல. எழுதி வச்சேன்."

பிலோமினா பெட்டியை நிறுத்திவிட்டு மறுபடி தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்க தப்பான வார்த்தையத் தேடியிருக்கீங்கம்மா. பேரு வேணாம்னு நீங்க எழுதினதப் பாத்ததும், உங்கள என்னன்னு எழுதியிருக்காருன்னு யோசிச்சு இந்தக் கோப்புல 'வீட்டில்'னு தேடினேன், வரும்போது பஸ்ல. ஆறாயிரத்து இருநூறுக்கு மேல வருது. அதுல நெசமாவே வீட்டைச் சொல்றது ஐநூறு தேறாது. 'வீட்டில் ஜுரம்', 'வீட்டில் கோபம்', 'வீட்டில் புதுப்புடவை, நன்றாக இருந்தது.' சுவருக்கா புடவை கட்டுவாங்க?"

கமலவேணி கையிலிருந்த அவரைக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைசியில், "எந்தப் புடவை?" என்று கேட்டாள்.

"பச்சைன்னு போட்டிருந்தாரு."

"அது எனக்கு நல்லாவே இல்ல," என்றாள் கமலவேணி. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிலோமினா அவரைக்காயை வாங்கி நறுக்க ஆரம்பித்தாள்.

"வேணும்னா, 'வீட்டில்'னா கமலவேணின்னு ஒரு குறிப்பு சேக்க முடியுமான்னு மேல கேட்டுப் பாக்கறேன்," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "வார்த்தையச் சேக்கறது தப்பு. குறிப்புன்னா ஒருவேளை..."

"வேணாம். உயிரோட இருந்தப்ப பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. இப்ப கூப்பிட்டா வேற யாரோ ஆம்பள மாதிரி இருக்கும்." எழுந்து, சுவரைப் பிடித்து நின்றாள். "அந்தத் திருத்தப் பேப்பர் கொண்டாந்திருக்கீங்களா?"

கொண்டுவந்திருந்தாள். கமலவேணி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, 'கோரும் திருத்தம்' என்ற இடத்தில் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு நீட்டினாள். 'பக்கம் மேலே உள்ள பெயர் வேண்டும். எல்லாப் பக்கத்திலும்.'

"இனிமே பாடமாட்டாரும்மா," என்றாள் பிலோமினா. சொல்லியாக வேண்டியது அவள் வேலை.

"அவரு சாரீரம் ஒண்ணும் அவ்வளவு நல்லாயில்ல."

*

எண்பத்தெட்டாம் நாள் பெட்டி திரும்ப வந்தது. முதல் பேச்சை நிலையத்திலிருந்து ஒருவர் கூட இருந்து கேட்கவேண்டும் என்பது விதி. அதனால் பிலோமினாவும் இருந்தாள். இளவேனில் கரூரிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, படியைத் தாண்டாமல் நின்றாள். போன முறை எப்படித் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லையாம்.

கமலவேணி பெட்டியை எழுப்பினாள். எழுந்ததும் அது தண்ணீர் மட்டம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு பெருமூச்சு மாதிரி ஏதோ வந்தது. கமலவேணிக்கு அது தெரிந்த பெருமூச்சு. அவள் பிரிட்ஜ் கதவில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்பா," என்றாள் இளவேனில் வாசலிலிருந்து. "நான்தாம்ப்பா. இளவேனில்."

எதிர்வீட்டில் குக்கர் இரண்டு விசில் அடித்தது. பிலோமினா உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். நாலாயிரம் இடத்தில் ஒன்றைக்கூட விடவில்லை என்று மூன்று முறை சரிபார்த்திருந்தாள். இருந்தாலும்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்த?" என்றது பெட்டி.

இளவேனில் உள்ளே வந்தாள்.

"புகையில உக்காந்து கட்டிக்கிட்டியே, கண்ணு எரியல? ஒருத்தன் மந்திரம்னு என்னத்தையோ சொன்னானே, அதுல ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லு பாப்போம். ஒரே ஒரு வார்த்தை. பதினொரு வருஷமா கேக்கணும்னு வச்சிருக்கேன்."

"தெரியாதுப்பா."

"தெரியாதா! தெரியாத வார்த்தைக்கு எதுக்குடி தலைய ஆட்டின?"

"நீங்க மேடையில பேசறதுக்கு ஜனங்க தலைய ஆட்டலியா? எல்லாருக்குமா புரியுது?"

"என்ன சொன்ன?"

"வந்து முன்னால உக்காந்திருந்தா அங்கயே கேட்டிருக்கலாம்ல? வராம மதகுல போய் உக்காந்துக்கிட்டு..."

"மதக யாரு பாப்பா? உன் மாமனாரா?"

இளவேனில் நாற்காலியை இழுத்து பிரிட்ஜுக்கு எதிரில் போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்டியின் சத்தம் கூடிக்கொண்டே போனது.

பிலோமினாவின் மடியில் கேட்புப் படிவம் இருந்தது. 'குரல் இயல்பாக உள்ளதா?' என்ற கேள்விக்கு எதிரே என்ன எழுதுவதென்று அவள் கமலவேணியைப் பார்த்தாள்.

கமலவேணி இலைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "ஆமான்னு போட்டுட்டு கை கழுவிட்டு வாங்க, நாம சாப்பிடலாம்," என்றாள். "இது இன்னிக்கு முடியாது."